கொலுப்படியும் வலியறிதலும்

ஒரு பொருள் அழகாக இருத்தல் வேறு. உறுதியாக இருத்தல் வேறு. அழகைக் கண் உடனே காண்கின்றது. உறுதியோ அவ்வளவு எளிதிற் புலப்படுவதன்று. வண்ணம் பூசிய பலகைக்குள் வெடிப்பு மறைந்திருக்கலாம். பளபளக்கும் எஃகுச் சட்டத்தின் மூட்டில் திருகாணி தளர்ந்திருக்கலாம். ஆதலின், ஒரு பொருளின்மேல் சுமையை ஏற்றுவதற்குமுன் அதன் வலிமையை அறிந்துகொள்ளுதல் அறிவுடையார் கடமையாகும். மயில் இறகு போன்ற நொய்ய பொருளும் அளவு மீறி ஏற்றப்பட்டால் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்று திருவள்ளுவர் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தினார். அரசர்க்குக் கூறிய அவ்வறிவுரை நம் வீட்டு மேசைக்கும் கட்டிலுக்கும் படிக்கும்கூடப் பொருந்துவதேயாம்.

தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இன்று அடுக்குமாடி வீடுகளே மிகுதி. அவற்றின் அறைகள் பெரும்பாலும் சிறியன. நால்வர் உண்ணும் மேசை, விருந்தினர் வந்தபோது எண்மர் உண்ணும் மேசையாக நீளவேண்டும். பகலில் இருக்கையாக இருப்பது இரவில் கட்டிலாக விரியவேண்டும். இத்தகைய தட்டுமுட்டுப் பொருள்களை மக்கள் விரும்பி வாங்குகின்றனர். இவற்றால் இடம் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் நீளும் பொருளுக்கு ஓர் இயல்பு உண்டு. குறுகியிருக்கும்போது அது காட்டும் உறுதியை விரிந்திருக்கும்போதும் காட்டும் என்று நாம் நம்பலாகாது. எந்நிலையில் அது மிக மெலிந்ததோ அந்நிலையிலேயே அதனைச் சோதித்தல் வேண்டும். இவ்வுண்மையை நாம் நன்கறிந்த ஒரு பொருளைக் கொண்டு இங்கு ஆராய்வோம். அப்பொருள் கொலுப்படி.

நவராத்திரி அண்மும் நாளில் மயிலாப்பூரைக் காண்பது கண்ணுக்கு விருந்தாகும். கபாலீசுவரர் திருக்கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளுள் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் வரிசையாக விரிந்திருக்கும். கொசப்பேட்டையிலும் பண்ணுருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் செய்த பொம்மைகள் அங்கே வந்து குவியும். மண்ணாற் செய்தனவும் உண்டு; காகிதக்கூழாற் செய்தனவும் உண்டு. ஆண்டுதோறும் புதிய பொம்மை ஒன்றேனும் வாங்கிக் கொலுவிற் சேர்ப்பது பல குடும்பங்களின் வழக்கம். இவ்வழக்கத்தால் பொம்மைகள் ஆண்டுக்காண்டு பெருகுகின்றன, படிகளும் பெருகவேண்டியிருக்கின்றது. முற்காலத்தில் மரப்பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கிப் படி அமைத்தனர். இக்காலத்திலோ, மடித்துப் பரண்மேல் வைக்கத்தக்கதும் வேண்டியபோது நீட்டிக்கொள்ளத்தக்கதுமான எஃகுச் சட்டப் படிகள் விற்பனைக்கு வருகின்றன.

இனி, மயிலாப்பூரில் ஒரு வீட்டை நம் மனத்தில் அமைத்துக்கொள்வோம். அவ்வீட்டில் ஒரு பாட்டியார் இருக்கிறார். அவருடைய அன்னையார் தந்த தசாவதாரப் பொம்மைகள் பத்தும் அவரிடம் உள்ளன. அவை கெட்டியான மண்பொம்மைகள். அத்தகையவற்றை இனிப் பெறுதல் அரிது. செம்மரத்தாற் செய்த மரப்பாச்சி இணை ஒன்றும் உண்டு. அவ்வீட்டுப் படி ஐந்து படிகளாக நிற்கும். மேலே இணைப்புகளைச் செருகினால் ஏழாகவும் ஒன்பதாகவும் உயரும். பக்கவாட்டில் இழுத்தால் 4 அடி அகலம் 6 அடியாக நீளும். இதுவரை அதனை ஐந்து படியாகவே வைத்துவந்தனர்.

இவ்வாண்டு பேர்த்திக்கு ஓர் ஆசை பிறந்தது. “பாட்டி, இரவுகள் ஒன்பது, படிகளும் ஒன்பதாக இருக்கட்டுமே. பக்கத்தையும் முழுவதும் இழுத்துவிடுவோம். எல்லாப் பொம்மைகளையும் ஒருங்கே வைக்கலாம்” என்றாள் அவள். பாட்டியாருக்கும் அது விருப்பமாகவே இருந்தது. உடனே சட்டங்களை இழுத்தார்கள், இணைப்புகளைச் செருகினார்கள். ஒன்பது படியும் எழுந்தன. பேர்த்தியின் தம்பி, பன்னிரண்டு வயதினன், கலசத்தை உச்சியில் வைக்கும் பொருட்டு மூன்றாம் படியில் காலை ஊன்றி ஏறினான். படி ‘கிறீச்’ என்று ஒலித்து ஒருபுறம் சாய்ந்தது. பாட்டியார் பதறி அவனை இறங்கச் செய்தார். “பொம்மை உடைந்தால் வேறு வாங்கலாம், பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் என் செய்வது? தச்சர் வந்து பார்த்துச் சொல்லும்வரையில் ஒரு பொம்மையும் மேலேறவேண்டா” என்று உறுதியாகக் கூறினார்.

மறுநாள் முதிய தச்சர் ஒருவர் வந்தார். அவர் கையில் மூலைமட்டம், இரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், அளவுகோல் ஆகியவை இருந்தன. வந்தவுடன் அவர் சுத்தியலை எடுக்கவில்லை. நெடுநேரம் படியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு படியின் ஓரத்தை இரு விரல்களால் பற்றி மெல்ல அசைத்தார். அது முன்னும் பின்னும் அசையவில்லை; பக்கவாட்டில் மட்டும் அசைந்தது.

“ஐயா, சட்டங்கள் எல்லாம் எஃகுதானே! பின் ஏன் ஆடுகின்றது?” என்று பேர்த்தி வினவினாள்.

“எஃகு வலியதுதான், குழந்தாய். ஆனால் வடிவம் வலியதாக இல்லையே! நான்கு குச்சிகளையும் நான்கு ஊசிகளையும் கொண்டு வா, காட்டுகிறேன்” என்றார் தச்சர்.

அவர் நான்கு குச்சிகளை முனைகளில் ஊசியாற் கோத்துச் சதுரமாக்கினார். ஒரு பக்கத்தைத் தள்ளியவுடன் சதுரம் சாய்ந்து சாய்சதுரமாயிற்று. ஒரு குச்சியும் முறியவில்லை; ஓர் ஊசியும் கழலவில்லை; ஆயினும் வடிவம் குலைந்தது. பிறகு மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கோத்தார். அதனை எப்பக்கம் தள்ளினும் அது வடிவம் மாறவில்லை. “நாற்கோணம் மூட்டின் இறுக்கத்தால் நிற்கிறது, முக்கோணம் தன் வடிவத்தாலேயே நிற்கிறது. இப்படியின் பின்புறத்தில் மூலைக்கு மூலை இரண்டு குறுக்குப் பட்டைகள் இருந்திருக்கவேண்டும். துளைகள் தெரிகின்றன, பட்டைகளைக் காணோமே!” என்றார்.

பரணில் தேடியபோது அவ்விரு பட்டைகளும் ஒரு துணிப்பையிற் கிடந்தன. அவற்றைப் பூட்டுவது தொல்லையாக இருந்தமையால் சில ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்துவைத்துவிட்டனர். ஐந்து படியாக இருந்தவரையில் அவை இல்லாத குறை தெரியவில்லை. உயரம் மிகுந்தபோதுதான் குறை வெளிப்பட்டது. மாணவர்களே, மேசையாயினும் அலமாரியாயினும் பக்கவாட்டில் ஆடினால் முதலில் மூலைவிட்டத்தைத் தாங்கும் உறுப்பு இருக்கின்றதா என்று பாருங்கள். அலமாரியின் முதுகுப் பலகை வெறும் மறைப்பு அன்று. மூலைவிட்டப் பட்டையின் தொழிலை அதுவே செய்கின்றது. அதனைக் கழற்றினால் அலமாரி ஆட்டங்காணும்.

அடுத்துத் தச்சர் நீட்டுச்சட்டத்தைப் பார்த்தார். பக்கவாட்டில் இழுக்கப்படும் அச்சட்டம் ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் செல்லுமாறு அமைந்தது. உட்குழாயின் நீளம் 27 அங்குலம். அதனை 24 அங்குலம் வெளியே இழுத்திருந்தனர். ஆகவே, தாய்க்குழாய்க்குள் எஞ்சியிருந்தது 3 அங்குலமே. வெளிமுனையைத் தாங்குவதற்கு ஒரு மடக்குக் கால் இருந்தது. தச்சர் ஒரு தாளை எடுத்து அக்காலின் அடியில் நுழைத்தார். தாள் தடையின்றி உட்சென்றது. தண்ணீர் வடிவதற்காகத் தரை சிறிது சரிவாக அமைக்கப்பட்டிருந்தது. அதனால் கால் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா, இக்கால் காலன்று, காலின் தோற்றமே. சுமை முழுவதையும் அந்த 3 அங்குலப் பிடிப்பே தாங்குகின்றது” என்று அவர் பாட்டியாரிடம் கூறினார்.

அப்பிடிப்பின்மேல் எவ்வளவு விசை விழும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நெம்புகோலின் நியதி நீங்கள் அறிந்ததே. சுமையை அதன் தொலைவால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். வெளிமுனையில் 20 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். தாய்க்குழாயின் வாயிலிருந்து அதன் தொலைவு 2 அடி. ஆகவே திருப்புத்திறன் 40. இதனை எதிர்த்துத் தாங்கவேண்டிய உள்முனை, வாயிலிருந்து 3 அங்குலத் தொலைவில், அதாவது கால் அடித் தொலைவில் உள்ளது. 40ஐக் கால் அடியால் வகுத்தால் 160 ஆகும். எனவே 20 கிலோ எடை, உள்முனையில் 160 கிலோ எடைக்கு ஒப்பான விசையாக மாறிக் குழாயை நெம்புகின்றது!

இனி, அதே சட்டத்தை 12 அங்குலமே வெளியே இழுப்போம். உள்ளே எஞ்சுவது 15 அங்குலம். அஃதாவது ஒன்றேகால் அடி. 20 கிலோ எடை 1 அடித் தொலைவில் இருக்கும், திருப்புத்திறன் 20. அதனை ஒன்றேகாலால் வகுத்தால் 16 ஆகும். சுமை அதுவே, சட்டமும் அதுவே. நீட்டத்தைப் பாதியாக்கியதால் விசை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ‘அகலக்கால் வைக்காதே’ என்று நம் முன்னோர் கூறிய பழமொழி எத்துணைப் பொருத்தமானது! நீளும் மேசை, இழுக்கும் அறைப்பெட்டி, ஏணி ஆகிய எதற்கும் இவ்விதி பொருந்தும். எவ்வளவு நீட்டலாம் என்று கேட்பதற்குமுன், உள்ளே எவ்வளவு எஞ்சும் என்று கேட்கவேண்டும்.

மூன்றாவதாகத் தச்சர் பலகையின் தொய்வை நோக்கினார். பலகையின் இரு முனைகளையும் தாங்கி நடுவில் சுமை வைத்தால் அது சிறிது வளையும். பலகையின் நீளம் மிகுந்தால் வளைவு எவ்வளவு மிகும்? நீளம் இருமடங்கானால் வளைவும் இருமடங்காகும் என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. நடுவில் வைத்த அதே சுமைக்கு, நீளம் இருமடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். பொம்மைகளைப் போல நெடுகிலும் பரப்பிவைத்த சுமையாயின், நீளத்தோடு சுமையும் பெருகுமாதலால், வளைவு பதினாறு மடங்காகும். 4 அடிப் பலகையின் இடத்தில் அதே கனமுள்ள 6 அடிப் பலகையை வைத்துப் பொம்மைகளை நெருக்கமாக அடுக்கினால், தொய்வு ஏறக்குறைய ஐந்து மடங்காகும். ஆதலின் நீண்ட பலகைக்கு நடுவில் ஒரு தாங்கி இன்றியமையாதது.

பலகையின் கனமும் இங்குக் கருதத்தக்கது. உங்கள் அடிக்கோலைத் தட்டையாகப் பிடித்து வளைத்துப் பாருங்கள், எளிதில் வளையும். அதனையே விளிம்பு மேலாக நிறுத்தி வளைக்க முயலுங்கள், வளையாது. 4 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உடைய ஒரு சட்டத்தைத் தட்டையாக வைப்பதைவிட விளிம்பாக நிறுத்திவைத்தால் வளைவை எதிர்க்கும் ஆற்றல் பதினாறு மடங்கு மிகும். வீட்டு உத்திரங்கள் அகலத்தைவிட உயரம் மிக்கனவாக அமைக்கப்படுவதன் காரணம் இதுவேயாகும். தச்சர் ஒவ்வொரு நீண்ட பலகைக்கும் அடியில் ஒரு மரச்சட்டத்தை விளிம்பாக நிறுத்திப் பொருத்தினால் போதும் என்றார்.

இவ்வுண்மைகளை உலகம் ஒரே நாளிற் கண்டுவிடவில்லை. இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ, சுவரில் செருகிய மரச்சட்டம் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதை ஆராய்ந்து 1638ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். இங்கிலாந்தின் இராபர்ட் ஊக் என்பவர், இழுவிசைக்கு ஏற்பவே நீட்சியும் இருக்கும் என்னும் விதியை 1678ஆம் ஆண்டில் விளக்கினார். நெடிய கம்பம் தன் தலைமேல் உள்ள சுமையால் எப்போது வளைந்து ஒசியும் என்பதை ஆய்லர் என்னும் கணித அறிஞர் 1744ஆம் ஆண்டில் கணித்துக் காட்டினார். அவர் கண்ட விதிப்படி, ஒரே கனமுள்ள கம்பத்தின் உயரம் இருமடங்கானால், ஒசியாமல் தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். கொலுப்படியின் பின்கால்களை நீட்டும்போது இதனை மறத்தலாகாது. நீண்ட காலை நடுவில் ஒரு குறுக்குச்சட்டத்தால் பிணைத்தால், அது இரண்டு குறுகிய கால்களைப் போல வலிமை பெறும்.

இவ்வளவும் கண்ணாலும் கையாலும் கணக்காலும் அறிந்தவை. இனிச் சுமை ஏற்றிப் பார்க்கும் சோதனை. “நானே ஏறி நின்று பார்க்கிறேன்” என்று சிறுவன் முன்வந்தான். தச்சர் அவனைத் தடுத்தார். “தம்பி, மனிதனை வைத்து ஒருபோதும் சோதிக்கலாகாது. தாங்குமா என்று ஐயம் உள்ள பொருளின்மேல் உயிரை ஏற்றுவது சோதனையன்று, சூதாட்டம்” என்றார்.

முதலில் பொம்மைகளின் எடையை அறிந்தனர். வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவி இருந்தது. பொம்மைகளைப் படிவாரியாகக் கூடையில் வைத்து நிறுத்தனர். மிகுதியான எடை உடைய வரிசை தசாவதார வரிசையே. அது 24 கிலோ. தச்சர் அதனோடு பாதியும் சேர்த்து 36 கிலோவைச் சோதனைச் சுமையாகக் கொண்டார். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றும், ஒவ்வொரு லிட்டர் நீர் நிரம்பிய புட்டிகள் பதினொன்றும் எடுத்தனர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோவாதலால் 25உம் 11உம் கூடி 36 ஆயின. சிப்பத்தைப் பிரித்துச் சிறு பைகளிலிட்டுப் பலகை நெடுகிலும் பரப்பினர். சுமையைத் திடீரெனப் போடாமல் சிறிது சிறிதாக ஏற்றினர். திடீரென விழும் சுமை, மெல்ல வைத்த அதே சுமையைவிட இருமடங்கோ அதற்கு மேலுமோ தாக்கும் என்பதை நினைவிற் கொள்க.

பலகையின் இரு முனைகளுக்கும் இடையே தச்சர் ஒரு நூலை இறுகக் கட்டியிருந்தார். சுமை ஏற்றியபின் நூலுக்கும் பலகையின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார், 4 மில்லிமீட்டர். “இவ்வளவுதானா? சோதனை முடிந்ததா?” என்று பேர்த்தி கேட்டாள்.

“முடியவில்லை, அம்மா. இந்தப் படி ஒரு நாழிகை நின்றால் போதாது; பத்து நாள் நிற்கவேண்டும். மரம் பொறுமை உடையதுபோலத் தோன்றும். ஆனால் சுமையை நெடுநேரம் சுமந்தால் மெல்ல மெல்லத் தொய்யும். இரவு முழுவதும் இவ்வாறே இருக்கட்டும்” என்றார் தச்சர்.

மறுநாட் காலையில் இடைவெளி 6 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. 4 அடி என்பது ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர். அதில் இருநூற்றில் ஒரு பங்கே இத்தொய்வு. சுமையை இறக்கியபின் மீண்டும் அளந்தார். 1 மில்லிமீட்டர் மட்டும் எஞ்சியிருந்தது. மீண்டும் ஒருமுறை ஏற்றி இறக்கினார். அந்த 1 மில்லிமீட்டர் மிகவில்லை. மூட்டுகள் முதற்சுமையில் தம் இடத்தில் அமர்ந்துவிட்டன என்று அவர் கண்டார். ஒவ்வொரு முறையும் எச்சம் பெருகிக்கொண்டே போயிருந்தால், அப்பலகையைத் தள்ளிவிடவேண்டும் என்றும் கூறினார். சுமந்தபோது வளைவது குற்றமன்று. சுமை இறங்கியபின் நிமிராதிருப்பதே குற்றம். தொய்வை மட்டும் பாராமல் மீட்சியையும் பார்த்தல் வேண்டும் என்பது இச்சோதனையின் உயிர்நிலையாகும்.

அதே சோதனையை, பக்கத்தை முழுவதும் நீட்டிய நிலையிலும் தச்சர் செய்ய முனைந்தார். ஆனால் 10 கிலோ ஏற்றியவுடனே குழாயின் வாயருகே வண்ணப்பூச்சில் மயிரிழை போன்ற ஒரு கீறல் தோன்றிற்று. அவர் உடனே சுமையை இறக்கினார். “இதற்குமேல் சோதிக்கவேண்டா. பொருள் தன் வாய் திறந்து விடை கூறிவிட்டது” என்றார்.

பேர்த்தியின் முகம் வாடிற்று. தச்சர் தம் முடிவைப் பாட்டியாரிடம் உரைத்தார். “அம்மா, ஒன்பது படி வேண்டா. ஏழு படியே இதற்கு அளவு. பக்கத்தை ஓர் அடிக்கு மேல் இழுக்கலாகாது. மடக்குக் காலின் அடியில் மரச்சக்கை வைத்துத் தரையோடு பொருத்துகிறேன். குறுக்குப் பட்டைகளைப் பூட்டுகிறேன். மேற்சட்டத்தைச் சுவரில் உள்ள கொக்கியோடு பிணைத்துவிடுகிறேன். கனமான பொம்மைகளைக் கீழே வையுங்கள்.”

பாட்டியார் சிறிது தயங்கினார். ஒன்பது என்னும் எண்ணைவிட வேறொரு கவலையே அவரை வருத்திற்று. கொலுவின் படிகளில் ஓர் ஒழுங்கு உண்டு. கீழே செடி கொடியும் சிற்றுயிரும். நடுவே விலங்கும் மக்களும். மேலே தெய்வ வடிவங்கள். தசாவதாரப் பொம்மைகள் மேலேதான் இருந்துவந்தன. “என் அன்னையார் வைத்த முறையை நான் மாற்றலாமா?” என்று அவர் தமக்குத்தாமே கூறிக்கொண்டார்.

அப்போது பேர்த்தி ஒரு பொம்மையை எடுத்துவந்து பாட்டியார் முன்னே வைத்தாள். அது தஞ்சாவூர்ச் சாய்ந்தாடும் பொம்மை. அவள் அதனைத் தட்டினாள், அது சாய்ந்தது, மீண்டும் தானே நிமிர்ந்தது. மறுபுறம் தட்டினாள், மீண்டும் நிமிர்ந்தது. “பாட்டி, இதன் அடிப்பாகம் கனமாக இருப்பதால் அன்றோ இது விழாமல் நிமிர்கின்றது? நம் படியும் அவ்வாறு இருக்கட்டுமே! காகிதக்கூழால் செய்த தெய்வப் பொம்மைகள் பல நம்மிடம் உண்டு. அவையும் மரப்பாச்சியும் மேலே இருக்கட்டும். தசாவதாரம் இவ்வாண்டு நடுப்படியில் இருக்கட்டும். கலசம் உச்சியிலேயே இருக்கும். எஞ்சிய பொம்மைகளைத் தரையில் பூங்கா அமைத்து அதில் வைப்போம்” என்றாள்.

பாட்டியார் முகம் மலர்ந்தது. “உடைந்த பின்பு எந்தப் படியில் வைத்து என்ன பயன்? என் அன்னையார் இருந்தாலும் இதனையே சொல்லியிருப்பார். விரலுக்குத் தகுந்த வீக்கமே நன்று” என்று கூறி இசைந்தார். அன்று மாலை ஏழு படிகளும் அசையாமல் நின்றன. படியில் யாரும் காலை வைக்கவில்லை. உறுதியான முக்காலி ஒன்றைப் பக்கத்திலிட்டு, அதன்மேல் பெரியவர் ஒருவர் ஏறிக் கலசத்தை வைத்தார். ஒவ்வொரு நாளும் காலையில் மூட்டுகளையும் மரச்சக்கையையும் பார்ப்பது சிறுவனுடைய பொறுப்பாயிற்று.

இக்கதை கற்பனையே, இதிற் கூறிய விதிகளோ கற்பனை அல்ல. நம் தச்சர் நூலாலும் அரிசிச் சிப்பத்தாலும் செய்த சோதனையைப் பெரிய ஆய்வுக்கூடங்கள் கருவிகளாற் செய்கின்றன. பொருள்களின் தரத்தை வரையறுப்பதற்காக 1947ஆம் ஆண்டில் இந்தியத் தர நிறுவனம் தோன்றிற்று. 1987ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அதன் பணிகளை இந்தியத் தர அமைவனம் ஏற்றுக்கொண்டது. மேசைகளுக்கு ஐ.எஸ். 17633, கட்டில்களுக்கு ஐ.எஸ். 17635 என 2022ஆம் ஆண்டில் அது தரங்களை வகுத்துள்ளது. நிலைத்த சுமை, மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் சுமை, கவிழ்ந்துவிடாத நிலைப்பு ஆகியவற்றைத் தனித்தனியே சோதிப்பது அறைகலன் ஆய்வுக்கூடங்களின் முறையாகும். ஒருமுறை தாங்கிய பொருள் ஆயிரக்கணக்கான முறையும் தாங்குமா என்பதைக் கையால் அறிதல் அரிது. கருவியே அதனை அயர்வின்றிச் செய்யும். அடையாற்றுக்குத் தெற்கே தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கின்றது. 1965ஆம் ஆண்டில் தொடங்கிய அம்மையம், பாலங்கள், கட்டடங்கள், மின்கம்பி தாங்கும் கோபுரங்கள் ஆகியவற்றின் வலிமையை ஆராய்கின்றது. மாபெரும் கோபுரத்துக்கும் கொலுப்படிக்கும் அளவில் வேறுபாடு உண்டேயன்றி நியதியில் வேறுபாடு இல்லை.

கவிழ்தலைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். நீளும் உணவு மேசை ஒன்றின் எடை 30 கிலோ என்றும், அதன் கால்களுக்கிடையே உள்ள தொலைவு 3 அடி என்றும் கொள்வோம். மேசையின் எடை நடுவில், அஃதாவது ஓரக் காலிலிருந்து ஒன்றரை அடியில் இயங்கும். அதன் திருப்புத்திறன் 45. கால்களுக்கு வெளியே நீண்ட பலகையில், ஓரக் காலிலிருந்து 1 அடித் தொலைவில், 50 கிலோ எடையுள்ள மாணவன் ஒருவன் அமர்ந்தால் அவனால் வரும் திருப்புத்திறன் 50. ஐம்பது நாற்பத்தைந்தை வெல்லும், மேசை கவிழும். பலகை முறியாமலும் மூட்டு கழலாமலும் இவ்விபத்து நேரக்கூடும். ஆகவே வலிமை வேறு, நிலைப்பு வேறு, இரண்டையும் சோதிக்கவேண்டும்.

மாணவர்களே! உங்கள் வீட்டிலும் நீட்டி விரிக்கும் பொருள் ஏதேனும் இருக்கலாம். அதனை முழுவதும் விரித்துப் பாருங்கள். எல்லாக் கால்களும் தரையைத் தொடுகின்றனவா என்று தாளை நுழைத்துப் பாருங்கள். மெல்ல அசைத்துப் பாருங்கள். உள்ளே எவ்வளவு பிடிப்பு எஞ்சுகின்றது என்று அளந்து பாருங்கள். ஐயம் தோன்றினால் பெரியவரிடம் கூறுங்கள். சுமை ஏற்றிச் செய்யும் சோதனையை அவர்கள் துணையின்றிச் செய்யாதீர்கள்.

விரிந்து நிற்பதில் தவறில்லை. மரம் கிளையை விரிக்கிறது. அதற்கேற்ப வேரையும் ஊன்றுகிறது. தன் அளவை அறிந்து விரிபவை நெடுநாள் நிற்கும். ஒன்பதை விரும்பி ஏழில் அமைந்த அப்படியில், மூன்று தலைமுறை கண்ட பத்துப் பொம்மைகளும் பழுதின்றி வீற்றிருந்தன. அவை அடுத்த தலைமுறையையும் காணும்.